சங்கமத்தில் விட்டுக்கொடுத்தது

போன வருடத்துக்கு முந்தின வருடம், தை அமாவாசைக் கூட்டமெல்லாம் கலைந்து மாசி பிறந்திருந்த நேரம். உத்திரமேரூரிலிருந்து காசி யாத்திரை கிளம்பிய ஒரு கூட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பிரயாகை, காசி, கயா என்று மூன்றே ஊர்கள்தான். கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் எங்கள் பையன் ஏற்பாடு செய்து அனுப்பி வைத்தான்.

அந்தப் பயணத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த நல்ல காரியத்தை நினைத்துத்தான் நான் இன்னமும் வருத்தப்பட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எனக்குப் பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த நிலத்தில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை நிறைய கிரீஸ், வாய் நிறைய கேலி, அதுதான் அவர்.

என் கடைக்கு வருகிறவர்களை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்த அம்மாவுக்கு இல்லை என்று சொல்லவே வராது என்பார்கள். சட்னி இன்னொரு கரண்டி கேட்டால் இரண்டு கரண்டி ஊற்றுவேன். பஸ்ஸில் யாராவது நின்றுகொண்டு வந்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அப்படி ஒரு பெயர் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை மறைப்பானேன். என் வீட்டுக்காரர் மட்டும் விடமாட்டார். "உன்ன வுட்டா வூட்டுக் கதவையே கயட்டிக் குடுத்துடுவ" என்பார்.

கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற தம்பி உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள், சமையல்காரர் கூடவே வருகிறார், காசியிலும் உங்களுக்கு ரசம் சாதம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் கொஞ்சம் சிரித்துக்கொண்டு வேணி தானத்தைப் பற்றிச் சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரயாகையில் கங்கையும் யமுனையும் சேருகிற இடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போகிறவர்கள் இதைச் செய்வார்கள். பெண்டாட்டி தலைமுடியை விரித்துப் போட்டு முன்னால் உட்கார, புருஷன் தன் கையால் சீவி, பின்னல் போட்டு, பூ வைத்துவிட வேண்டும். பிறகு பின்னல் நுனியில் கொஞ்சம் கத்தரித்து மஞ்சள் குங்குமத்தோடு தண்ணீரில் விட வேண்டும். வேறு எங்கேயும் மிதக்கிற முடி, அங்கே மட்டும் நேராக அடியில் போய்விடும் என்பார்கள். ஜோடி பிரியாமல் இருப்பதற்காகச் செய்வது.

அவர் சொல்லி முடித்ததும் மண்டபத்தில் ஒரே சிரிப்பு. பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டோம். ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் புருஷன் பெண்டாட்டி தெருவில் சேர்ந்து நடந்தாலே நாலடி தள்ளித்தான் நடப்பார்கள். நாலு பேர் பார்க்கத் தலை சீவி விடுவதாவது!

"அண்ணே, சிரிக்காதீங்க. பின்னத் தெரியாதவங்க இப்பவே கத்துக்கினு வாங்க. போன தபா ஒருத்தரு அங்க வந்து மாட்டக் கட்ற மாரி முடிச்சு போட்டுட்டாரு" என்றார் அந்தத் தம்பி.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். "இந்த வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா, ஆள வுடு!"

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. என் முடி அந்தக் காலத்திலிருந்தே இடுப்புக்குக் கீழே தொங்கும். ஊரில் என் பெயர் தெரியாதவர்கள் கூட அந்தச் சடைக்காரம்மா என்றுதான் அடையாளம் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அதை ஒரு நாளாவது அவர் கையால் தொட்டுப் பின்னி விட்டதில்லை. எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது, நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் அவளுக்குப் பின்னி அனுப்பினார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அவிழ்ந்துபோய், அழுதுகொண்டே திரும்பி வந்தாள் அவள். அத்தோடு சரி. அவராகவே ஆளை விடு என்று சொன்ன பிறகு நான் எப்படி வாயைத் திறந்து கேட்பது? ஆசையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

ரயிலில் போகும்போது ஒரு விஷயம் நடந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பல்பொடிப் பொட்டலத்தை எடுக்கும்போது கூடவே ஒரு சீப்பு வந்து விழுந்தது. மரச்சீப்பு, அகலப் பல் வைத்தது, புத்தம் புதுசு. அவர் தலையில் காதுக்கு மேலே மட்டும்தான் கொஞ்சம் முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கீற நாலு முடிக்கு இம்மாம் பெரிய சீப்பாய்யா?" என்றேன்.

"காசிக்குப் போனா மொளைக்குமாம்மே, யாரோ சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே சீப்பை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பெண்கள் சீவுகிற சீப்பு இவருக்கு எதற்கு என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சமையல்காரர் புளியோதரை கொண்டுவந்தார், அந்தப் பேச்சு அப்படியே போய்விட்டது.

வடக்கே பனிமூட்டம். ரயில் ஊர்ந்து ஊர்ந்து போய், விடியற்காலையில் சேர வேண்டிய பிரயாகைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே காசியில் இருக்க வேண்டும். அந்தத் தம்பி எங்களை மூச்சு விடவிடாமல் ஓட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார்.

அந்தப் படகுப் பயணத்தை மட்டும் என்னால் மறக்க முடியாது. வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் தலைக்கு மேலே கூட்டமாகச் சுற்றின. ஓமப்பொடி மாதிரி ஒன்றை விற்கிறார்கள், தூக்கிப் போட்டால் அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போகின்றன. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், ஒரு பக்கம் கலங்கல் தண்ணீர், நடுவில் இரண்டும் சேருகிற கோடு கண்ணுக்கே தெரிந்தது. அங்கே படகுகளை வரிசையாகக் கட்டி, நடுவில் பலகை போட்டு மேடை மாதிரி வைத்திருந்தார்கள். அதிலிருந்து இறங்கி எல்லாரும் முழுக்குப் போட்டோம். தண்ணீர் ஊசியாகக் குத்தியது. "எம்மா, உயிர் போய்த் திரும்பி வருதுடி" என்று கூட வந்த ஒரு அம்மா கத்தினார்.

ஈரத் துணியை மாற்றிக்கொண்டு வந்ததும் வேணி தானம் ஆரம்பமானது. தமிழ் பேசுகிற ஒரு சாஸ்திரிகள் வந்திருந்தார். எங்கள் கூட்டத்தில் நாலைந்து ஜோடி இருந்தோம். மண்டபத்தில் கேலி பேசிய ஆண்கள் இங்கே வந்ததும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்கள். ஒருத்தர் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு முழிக்க, அவர் பெண்டாட்டியே கையைப் பின்னால் கொண்டுபோய் வழி காட்டினார். முடித்துவிட்டு எழுந்த பெண்கள் ஒருத்தர் முகமும் போன மாதிரி திரும்பி வரவில்லை. புதுப்பெண் மாதிரி ஒரு வெட்கத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது எங்கள் முறை. எங்களுக்குப் பின்னால், கடைசியாக, தென்னேரிப் பக்கத்திலிருந்து வந்த வயதான ஒரு தம்பதி இருந்தார்கள். பயணம் முழுக்க அந்த அம்மா அதிகம் பேசவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு, ஊருக்குத் திரும்பியதும் ஆபரேஷன் என்று ரயிலில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் கங்கையைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. லேசாகத்தான் ஆரம்பித்தது, பார்த்துக்கொண்டு இருக்கும்போதே படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள ஆரம்பித்தன. படகுக்காரர் ஹிந்தியில் என்னவோ கத்தினார். தூரத்தில் போலீஸ் படகு ஒன்று மைக்கில் பேசிக்கொண்டே வந்தது. எங்கள் தம்பி படகுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கரைக்குப் போகச் சொல்றாங்க. இன்னும் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் டைம் கீது. சீக்கிரம் வாங்க, யாரு அடுத்தது?"

நாங்கள்தான் அடுத்தது. நான் தலைமுடியை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார். ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. அப்போதுதான் அந்த அம்மா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே. அவர் கேட்கக்கூட இல்லை, நானாகவே முந்திக்கொண்டேன்.

"அவங்க பண்ணட்டும்ப்பா. நாங்க இன்னொரு தபா வந்து பண்ணிக்கிறோம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகில் இருந்தவர்கள் எல்லாரும் ஆஹா என்றார்கள். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் தப்பித்தோம் என்று நிம்மதியாகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து அவர் தோளில் இருந்த துண்டு காற்றில் பறந்துபோய் ஆற்றில் விழுந்தது. எல்லாரும் சிரித்தோம்.

அந்தப் பெரியவருக்குக் கை நடுங்கியது. படகும் ஆடியது. அந்த அம்மாவுக்கு முடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வெளுத்து மெலிந்த ஒரு பிடிதான். அதை மூன்றாகப் பிரிப்பதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஒருமுறை நழுவி, இன்னொரு முறை நழுவி, எப்படியோ பின்னி முடித்தார். நுனியைக் கத்தரித்துத் தண்ணீரில் விட்டபோது அது நிஜமாகவே கல் மாதிரி உள்ளே போனது. அந்த அம்மா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்தது முழுக்க முழுக்கச் சந்தோஷம்தான். அவிழ்த்த முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டேன்.

காசிக்குப் போகிற பஸ்ஸில் எல்லாரும் என்னைத்தான் பேசினார்கள். யாருக்கு வரும் இந்த மனசு என்றார்கள். தனக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்தவளுக்குத்தான் கங்கையில் முழுகிய முழுப் புண்ணியம் என்று ஒருத்தர் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் எனக்கு அது இனித்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பனி ஒத்துக்கொள்ளவில்லை, அலைச்சல், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காசியிலும் அவர் கேலியும் சிரிப்புமாகத்தான் இருந்தார். சந்துக்குள் எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட்டு, "பெரிய மனுசன் வராரு, ஒதுங்கு" என்று என்னைச் சுவரோடு தள்ளினார். கயாவில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த பொருள் ஒன்றை இனிமேல் தொடமாட்டேன் என்று விட்டுவிட்டு வர வேண்டும். நான் பலாப்பழத்தை விட்டேன். எங்கள் கூட்டத்து ஆண்கள் பாகற்காய், சுரைக்காய் என்று தங்களுக்குப் பிடிக்காததாகப் பார்த்து விட்டுவிட்டு நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முறை வந்தது.

"நான் சங்கமத்துலயே வுட்டுட்டேம்ப்பா" என்றார்.

பறந்துபோன துண்டைச் சொல்கிறார் என்று எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அதெல்லாம் கணக்கில் சேராது என்று அந்தத் தம்பி சொல்ல, கத்தரிக்காயை விட்டார். கத்தரிக்காய் என்றால் அவருக்கு உயிர். ஊருக்கு வந்த பிறகும் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது அந்த மரச்சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ வெச்சிக்கோ, எனக்கு மொளைக்கிற மாரி தெரில" என்றார். நானும் வாங்கி, அன்றிலிருந்து அதில்தான் தலை சீவுகிறேன்.

அதன் பிறகு நாலைந்து மாதம் போயிருக்கும். செய்யாற்றை ஒட்டிய ஒரு நிலத்தில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்குகிற வேலை. பாதி பைப் வெளியே வந்த நிலையில் செயின் நழுவிவிட்டது. பைப்புக்கும் கிளாம்புக்கும் நடுவே அவர் வலது கை மாட்டிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, அது பெரிய விஷயம். ஆனால் கட்டைவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை.

அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு நான் பேசவில்லை. வேணி தானம் செய்யாததால்தான் இப்படி ஆனது என்று ஊரில் ஒருத்தர் என் காதுபடச் சொன்னபோது, கரண்டியும் கையுமாக அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். செயின் பழசு, அதனால் நழுவியது. சாமிக்கு இவர் விரலை எடுப்பதா வேலை?

கை ஆறிய பிறகு இனி மோட்டார் வேலை முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகையில் தன் சாமான்களை வைத்திருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் அவற்றை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதை ஒதுங்க வைக்கத்தான் நான் ஒரு நாள் கடையை மூடிவிட்டு உள்ளே போனேன். அதுவரை அந்தக் கொட்டகைக்குள் நான் காலை வைத்ததே இல்லை. எங்கு தொட்டாலும் கிரீஸ்.

மூலையில் அவர் உட்காருகிற முக்காலி இருந்தது. அதற்கு எதிரே சுவரில் ஒரு ஆணி. ஆள் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரம் இருக்குமோ அந்த உயரத்தில் அடித்திருந்தது. ஆணியில் மோட்டார் இறக்குகிற நைலான் கயிறு, துண்டு துண்டாகத் தொங்கியது. கயிற்றைப் பிரித்து, இழை இழையாகச் சீவி, மூன்றாக வகுந்து பின்னல் போட்டிருந்தார்.

ஒன்று இல்லை, பல பின்னல்கள். அடியில் இருந்தது முடிச்சு முடிச்சாக, எங்கள் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரே அந்தக் கோலத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்தது ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. மேலே மேலே போகப் போக ஒழுங்காகிக்கொண்டே வந்து, கடைசியாக மாட்டியிருந்த பின்னல் நான் போடுவதை விட அழகாக இருந்தது. இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. நீளம் சரியாக என் சடை நீளம். அடியில் சிவப்பு நூல் சுற்றிக் கட்டி, நுனியைக் கத்தரித்திருந்தார்.

அந்த முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காசிக்குக் கிளம்பும் முன்னால் ஒரு மாதத்துக்கு மேல், கடையிலிருந்து நான் வரும்போதெல்லாம் இவர் கொட்டகைக்குள் இருந்ததும், இன்னாய்யா பண்ற என்று கேட்டால் மோட்டாருக்குக் காயில் சுத்துகிறேன் என்றதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் இருந்த கையும் ஞாபகம் வந்தது. பாதி எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தது, தண்ணீரைப் பார்த்தது, எல்லாம் வந்து நின்றது.

பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"ஏன்யா, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீதான் அத்தினி பேரு எதிர்ல குடுத்துட்டியேம்மே. நல்ல காரியம். அப்புறம் எனக்கு வோணும்னு நான் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும்தான். உன் முறைய மட்டும் குடுக்கலியே நீ. என்னுதயும் சேத்துக் குடுத்துட்ட."

பின்னலை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தென்னேரியிலிருந்து அந்த அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் போன் செய்கிறார். "நீங்க வுட்டுக் குடுத்ததாலதாம்மா அவரு இன்னிக்கு நடமாடிக்கினு கீறாரு" என்பார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துவார். என் வீட்டுக்காரர் கையைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை. அந்த அம்மா மேல் எனக்குத் துளிகூட வருத்தம் கிடையாது. அன்றைக்கு என் இடத்தில் யார் இருந்தாலும் அந்தத் தம்பதிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் கொடு என்றுதான் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்று ஆகியிருக்கும். சீப்பைப் பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டியாவது இருப்பார். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். கை நன்றாக இருந்த அந்த நாலைந்து மாதத்தில், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு நாள் அவர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன்.

விஷயம் தெரிந்த பையன், இன்னொரு முறை போய்வாருங்கள் என்கிறான். சாஸ்திரிகள் யாராவது கூடக் கை கொடுப்பார்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எவன் கையாலயோ பின்னிக்கினு வர்றதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? உன் கையி நல்லாத்தான கீது, நீயே பின்னிக்கோ" என்று சிரிக்கிறார். ஒரு நாள் நானே பிடிவாதமாக மரச்சீப்பைக் கொடுத்து முன்னால் உட்கார்ந்தேன். இடது கையும் மீதி இரண்டு விரலுமாக ரொம்ப நேரம் முயற்சி செய்தார். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. பின்னல் நிற்கவில்லை. அந்தக் கயிற்றுப் பின்னலை மட்டும் பீரோவில் என் பட்டுப் புடவைக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ரேஷன் கடை வரிசையில் யாராவது அவசரம் என்று வந்தால், பஸ்ஸில் யாருக்காவது இடம் கொடுப்பதாக இருந்தால், பக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து "இன்னாய்யா, குடுக்கலாமா?" என்று கேட்கிறேன். "இதுக்கெல்லாமா கேப்ப" என்று அவர் சிரிக்கிறார். கேட்டே ஆக வேண்டிய ஓர் இடத்தில் கேட்காமல் விட்டதை, கேட்கத் தேவையில்லாத இடத்தில் எல்லாம் கேட்டுக் கேட்டு ஈடுகட்டப் பார்க்கிறேன், அது மட்டும் ஈடாக மாட்டேன் என்கிறது.